அன்னாள் யார் பிள்ளையை அளந்தாள்?

“பையன கூட்டிக்கினு வர்லியாம்மா?” என்று ஜவுளிக்கடை பாய் கேட்டார். எல்லாம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் உச்சி வெயில். அம்மா வெளிர் நீலத்தில் மெல்லிய கோடு போட்ட சட்டைத் துணி ஒன்றை விரல்களுக்கிடையில் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கசங்கினால் சுருக்கம் நிற்கிறதா என்று பார்ப்பாள். தையல்காரி அவள், துணியை முகர்ந்தே நூலைச் சொல்லிவிடுவாள். கடை முழுக்கப் புதுத்துணிக் கஞ்சியின் வாசனை.

“பையன் வர மாட்டான் பாய். ரெண்டே கால் மீட்டர் கிழிங்க.”

“ரெண்டே காலா? போர்டிங் பசங்களுக்குத்தானே வருஷா வருஷம் எடுப்பீங்க. அங்க பத்தாவதுக்கு மேல யாரும் கெடையாது. அவ்ளோ பெரிய பையன் ஏதும்மா?”

“இருக்கான்.”

“அளவு தெரியாம நான் எப்டி கிழிக்கிறது? கம்மியா போச்சின்னா என்னத்தான் சொல்லுவீங்க.”

“அளவு எனக்குத் தெரியும். கிழிங்க.”

பாய் கிழித்தார். அந்தச் சத்தத்தில் எனக்குள்ளும் ஏதோ கிழிந்தது. ஏனென்றால் அந்த வாரம் முழுக்க நான் அன்னாளோடுதான் இருந்தேன். அடுத்த ஞாயிறு பெண்கள் ஞாயிறு. வருஷத்தில் அந்த ஒருநாள் மட்டும் எங்கள் சபையில் பிரசங்க மேடை பெண்களுக்கு. போதகர் ஐயா என்னைப் பேசச் சொல்லியிருந்தார். வேதத்தில் சாமுவேலைப் பெற்ற அன்னாளைப் பற்றி நான் பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பதினோரு பக்கத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

அன்னாளுக்கு அளவு எப்படித் தெரிந்தது?

சின்னச் சட்டை

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் டைப்ரைட்டிங் வகுப்பைப் பற்றி எழுதியபோது, நான் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்து ஓடுவதாக ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். உண்மைதான்.

எல்க்கானா என்று ஒருவர். அவருக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு. அன்னாளுக்கு இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பமே சீலோ என்ற ஊருக்குக் கும்பிடப் போகும். போகும்போதெல்லாம் பெனின்னாள் இவளைக் குத்திப் பேசுவாள். இவள் சாப்பிடாமல் அழுவாள்.

ஒரு வருஷம் தனியாகப் போய் நின்று ஜெபித்தாள். உதடு மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. ஏலி என்ற வயதான ஆசாரியர் பார்த்துவிட்டு, குடித்துவிட்டு நிற்கிறாள் என்றே நினைத்துக் கண்டித்தார். அன்னாள் கோபப்படவில்லை. நான் குடிக்கவில்லை, மனசைக் கொட்டினேன் என்றாள். ஓர் ஆண்பிள்ளை கொடுத்தால் அவனை உமக்கே கொடுக்கிறேன் என்பது அவள் பொருத்தனை.

சாமுவேல் பிறந்தான். பால் மறந்ததும் கொண்டுபோய் சீலோவில் விட்டுவிட்டு வந்தாள்.

பிரசங்கிகள் இங்கே நிறுத்தி, பாருங்கள் விசுவாசத்தை என்பார்கள். நான் கேட்ட எல்லாப் பிரசங்கமும் இங்கேதான் நின்றிருக்கிறது. இதற்குப் பிறகும் ஒரு சின்ன வரி இருக்கிறது: வருஷா வருஷம் அவள் ஒரு சின்னச் சட்டை தைத்து அவனுக்குக் கொண்டுபோனாள்.

நினைத்துப் பாருங்கள். பிள்ளையைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்த வயதில் ஒரு வருஷம் என்றால் நாலு விரற்கடை. கண்ணில் படாத பிள்ளைக்குத் தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று யாரை வைத்து வெட்டினாள்?

கடையிலிருந்து வீடு வரை நான் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவே பயந்துபோய், “இன்னாடி, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள்.

அம்மாவின் பொருத்தனை

எங்கள் வீட்டில் அன்னாள் கதை வேதத்தில் மட்டும் இருக்கும் கதை இல்லை.

அம்மாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளையில்லை. அப்போது அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியம்மாவுக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அம்மா அன்னாளைப் போலவே கேட்டாள். ஆண்பிள்ளை கொடு, உன் ஊழியத்துக்கு விட்டுவிடுகிறேன். கேட்டது கோயிலில், சபையார் எதிரில், வாய்விட்டு.

பிறந்தது நான்.

எனக்கு ஒரு மாதம் முன்னால் பெரியம்மாவுக்கு ஜான்சன் அண்ணன் பிறந்திருந்தான். தொட்டிலில் கிடந்த என்னைப் பார்த்துப் பெரியம்மா, “எட்டு வருஷம் அழுது ஒரு பொட்டச்சிய வாங்கிக்கினியா” என்றார்களாம். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அப்போதிருந்த போதகர் சமாதானம் சொன்னார்: நீ கேட்டது பையன், கிடைத்தது பெண், அதனால் பொருத்தனை உன்மேல் நிற்காது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “கேட்டவ நான். வாங்கிக்கினவளும் நான். கடன கட்டாதவளும் நான்” என்றாள். அன்றிலிருந்து அவள் திருவிருந்து எடுப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு சபையார் எழுந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகும்போது அம்மா மட்டும் கோரைப்பாயில் உட்கார்ந்திருப்பாள், முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு. இருபது வருஷமாக.

அதற்குப் பதிலாகத்தான் இந்தச் சட்டை. என் பிறந்தநாள் வாரத்தில் ஒன்று தைத்துக் கோயில் போர்டிங்குக்குக் கொடுத்துவிடுவாள். கல்வராயன் மலையிலிருந்து படிக்க வந்து தங்கியிருக்கும் பிள்ளைகளில் யாருக்குப் பொருந்துகிறதோ அவனுக்கு. பிள்ளையைக் கொடுக்கவில்லை, சட்டையாவது போகட்டும் என்று.

சின்ன வயதில் நான் இதைக் கவனித்ததே இல்லை. அந்தச் சட்டையும் என்னோடு வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. போன வருஷம் தைத்ததைப் போர்டிங் சமையல்காரர் போட்டுக்கொண்டு திரிந்தார். வேறு யாருக்கும் அது பொருந்தவில்லை.

பிறக்காத அந்த மகனுக்கு இப்போது இருபது வயது. அவனை இறக்கிவைக்காமல் அம்மா திருவிருந்து மேசைக்குப் போக மாட்டாள். என் பதினோரு பக்கத்தால் அவளை எழுப்பிவிட வேண்டும். எனக்கு வேறு எந்த நோக்கமும் இல்லை.

வெள்ளிமலைப் பேருந்து

எனக்கு ஒன்று தோன்றினால் உடனே போய்ப் பார்த்தாக வேண்டும். வரலாறு படித்ததன் கோளாறு.

போர்டிங்கில் சாயங்காலம் நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அங்கே அண்ணாமலை என்று ஒரு பையன், ஐந்தாவது. அவன் அம்மா செல்லாயி மலையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் இறங்கி வருவார். வரும்போது ஒரு சட்டை கொண்டுவருவார். அளவெடுத்துத் தைத்ததுபோல அது அவனுக்குப் பொருந்தும். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் வாங்கி வருவது ஒன்று முழங்காலைத் தொடும், இல்லாவிட்டால் அக்குளில் பிடிக்கும்.

வியாழக்கிழமை காலை கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். வளைவுகளில் காது அடைத்தது. எனக்கு முன்சீட்டில் யாரோ மடியில் வைத்திருந்த கோழி என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. இறங்கி இரண்டு மைல் நடை.

செல்லாயி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது.

“டீச்சரம்மா, புள்ளைக்கு இன்னா ஆச்சி?”

எனக்குச் சுருக்கென்றது. போர்டிங்கிலிருந்து ஆள் வந்தால் ஒரு தாய் என்ன நினைப்பாள் என்று யோசிக்காமல் ஓடி வந்திருக்கிறேன். “ஒண்ணும் ஆகலீங்க, நல்லா இருக்கான், கணக்குல நாப்பது வாங்கியிருக்கான்” என்று மூச்சு விடாமல் சொன்னேன். நாற்பது நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. உட்காரச் சொல்லி, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்.

என் கேள்வியைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“இதுக்கா பஸ் ஏறி வந்த? பக்கத்து வூட்டு ராமாயி புள்ள இவனுக்கு நாலு நாளு மூத்தவன். சந்தைக்கு அவன இட்டுக்கினு போவேன். அவனுக்குப் போட்டுப் பாத்து எடுத்துக்கினு வருவேன்.”

“அவங்க பிள்ளையை விடுவாங்களா?”

“எனக்கும் அவளுக்கும் வாய்க்கா தண்ணியில தகராறு. மூணு வருஷமா பேச்சு கெடையாது.”

“அப்புறம் எப்படிக் கேப்பீங்க?”

“கேக்கறது இன்னா. சந்தை நாளு காலையில அவ வாசல்ல போயி நிப்பேன். அவளுக்குத் தெரியும். மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினே புள்ளைக்குத் தல வாரி அனுப்புவா.” முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தார். “அவன் தோள்ல சட்டைய வெச்சிப் பாக்கும்போது எம்புள்ள இவ்ளோ வளந்துட்டான்னு நெனப்பு வரும். கொஞ்சம் பொறாமையாவும் இருக்கும். இன்னா பண்றது, நிக்கிற ஒடம்பு அவ புள்ளையுதுதானே.”

கிழங்கைக் கீழே வைத்தேன். அன்னாள் வீட்டில் இருந்தது யார் பிள்ளைகள்? பெனின்னாளின் பிள்ளைகள்.

தையல் மெஷின் நின்றபோது

அன்றே இறங்கி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் தகராறு வரும்வரை மெஷின் ஓடியது. வாசலில் போய் நிற்பார் என்றேன். மெஷின் நின்றது.

“ஏழு வயசு வரைக்கும் நான் ஜான்சன வெச்சித்தான் தெச்சேன்” என்றாள் அம்மா.

எனக்குத் தெரியாது.

“ஒரு தடவ அளவெடுத்த மறுநாளு அவனுக்கு ஜொரம். எம்புள்ளைய வெச்சி இல்லாத புள்ளைக்குத் தெக்கிறா, கண்ணு பட்டுப் போச்சின்னு ஒங்க பெரியம்மா கத்துச்சி. அதோட தனி வூடு வந்துட்டோம்.”

“இப்போ அளவு?”

“கோயில்ல பாப்பேன்.”

ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நடுவழி ஓரத்துப் பாயில்தான் உட்காருவேன் என்று அம்மா ஏன் வருஷக்கணக்காக அடம்பிடித்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எதிர்ப்பக்கம் இரண்டு வரிசை முன்னால் ஜான்சன் அண்ணனின் முதுகு தெரியும்.

“இதெல்லாம் மேடையில பேசாத” என்றாள்.

“நம்ம கதையை யாரு பேசப் போறா. அன்னாளைத்தான் பேசப் போறேன்.”

நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

நான் எழுப்பப் போனது

ஞாயிறு வந்தது. முதல் ஞாயிறும் அதுவே. பிரசங்கத்துக்குப் பின் திருவிருந்து. மேடையில் பதினோரு பக்கத்தையும் மூடி வைத்துவிட்டுப் பேசினேன். வாய் குளறவே இல்லை. இப்போது நினைத்தால் கொஞ்சம் குளறியிருக்கலாம்.

பிள்ளையைக் கொண்டுபோய் விட்டது ஒருநாள் விசுவாசம் என்றேன். சட்டை தைத்தது வருஷா வருஷம். அதுதான் கடினமானது. தன்னை அழ வைத்தவளின் வாசலில் போய் நின்று, உன் பிள்ளையைக் கொஞ்சம் நிற்கச் சொல் என்று கேட்க வேண்டும். பெனின்னாள் பிள்ளையை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாமல் அந்தச் சட்டை பொருந்தியிருக்காது. வேதத்தில் பெனின்னாள் பேர் அப்புறம் வரவே இல்லை, ஆனால் அந்தச் சட்டையின் தோளில் அவள் இருக்கிறாள் என்றேன்.

முன்பாயிலிருந்து தலைகள் திரும்பின. முதலில் பெரியம்மா பக்கம். பிறகு அம்மா பக்கம். சபையில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. நான் ஒருத்திதான் அதை மூடி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவிருந்துக்கு அழைப்பு வந்தது. அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். எழவில்லை. ஒரு முதல் ஞாயிறும் தவறவிடாத பெரியம்மாவும் எழவில்லை. கைக்குட்டையை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒருத்தியை எழுப்பப் போய் இன்னொருத்தியையும் உட்கார வைத்துவிட்டேன்.

வீடு வந்து அம்மா செருப்பை விடும்போது, “பேசாதன்னேன்ல” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரம் அவள் மெஷின் ஓடாத வேகமில்லை. நீலத்துணி மட்டும் மடித்தபடியே அலமாரியில் கிடந்தது.

வாசலில்

சனிக்கிழமை மத்தியானம் ஜான்சன் அண்ணன் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. பதின்மூன்று வருஷமாக அவன் எங்கள் வீட்டுப் படியேறியதில்லை.

“இன்னாடா?” என்றாள் அம்மா.

“அம்மா போகச் சொன்னாங்க சித்தி.”

“எதுக்கு?”

“தெரியாது. வாசல்ல போயி நில்லு, சித்திக்குத் தெரியும்னாங்க.” என்னைப் பார்த்தான். “இன்னா பிரசங்கியாரம்மா, எங்க வூட்ல ஒரு வாரமா சோத்துல உப்பில்ல. எல்லாம் ஒன்னாலதான்.”

அம்மா கழுத்திலிருந்த டேப்பைக் கையில் எடுத்தாள். “உள்ள வா.”

தோள், மார்பு, கை, உயரம். ஏழு வயதில் அவனை எட்டி அளந்திருக்க மாட்டாள். இப்போது தோளுக்கு எட்ட ஸ்டூல் தேவைப்பட்டது. ஸ்டூலுக்குப் பதிலாக அவன் குனிந்து கொடுத்தான். “நேரா நில்லு” என்று முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

“கண்ணளவுல அர இஞ்சி கம்மியா வெச்சிருக்கேன்” என்றாள்.

பிறகு அலமாரியிலிருந்து நீலத்துணியை எடுத்து மேசையில் விரித்தாள். சாக்பீஸ் கையில். கோடு போடவில்லை.

“எஸ்தரு. வா. நில்லு.”

“நானா? என் அளவு ஒனக்குத் தெரியாதா?”

“நில்லுடி.”

நின்றேன். எனக்கு ஆயிரம் ஜாக்கெட் தைத்தவள், முதல் தடவை அளப்பதுபோல அளந்தாள். தோளில் டேப் படும்போது விரல்கள் குளிர்ந்திருந்தன. பேசியதெல்லாம் ஜான்சன் அண்ணனிடம்தான்.

“நான் கேட்டது பையன். அவர் குடுத்தது இவள. இருபது வருஷமா அளவ வேற எடத்துல எடுத்துக்கினு இருந்திருக்கேன் பாரு.”

சாக்பீஸ் ஓடியது. சட்டைத் துணியில், கோடு போட்ட துணியில், எனக்கு ஜாக்கெட். “மீதியில அந்த மலைக்கார அம்மா புள்ளைக்கு ஒண்ணு வரும். அந்த ராமாயி புள்ளைய வெச்சி எடுத்த சட்டைய ஒரு நாளு அவன போட்டுக்கினு வரச் சொல்லு, அளவு பாத்துக்கிறேன்.”

“அப்ப எனக்கு இல்லியா சித்தி? குனிஞ்சதெல்லாம் வீணா?”

“ஒனக்கு வேணும்னா ஒங்கம்மாவ துணி எடுத்துக்கினு வரச் சொல்லு. ஆள் அனுப்பக் கூடாது. ஒங்கம்மாவே வரணும். தெச்சித் தரேன்.”

அவன் போன பிறகு மெதுவாகக் கேட்டேன். “அப்போ என்னை ஊழியத்துக்கு விடப் போறியா?”

“ஒன்ன ஒரு எடத்துல நிக்க வெக்கறதுக்கே எனக்கு டேப்பு தேவப்படுது. கர்த்தர் இன்னா பாடு படப் போறாரோ” என்று சொல்லிவிட்டு, பல்லில் நூலைக் கடித்து அறுத்தாள். சிரிப்பு வந்ததை மறைக்கத்தான் கடித்தாள் என்பது என் கணிப்பு.

நாளை மறுநாள்

இதை எழுதும் இன்று வெள்ளிக்கிழமை. மாதம் ஒன்று ஓடி, முதல் ஞாயிறு மறுபடி வந்துவிட்டது. பெரியம்மா இதுவரை வரவில்லை. நேற்றுக் கடைவீதியில் பாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒங்க பெரியம்மா ரெண்டு மீட்டர் சட்டைத் துணி கிழிச்சிக்கினு போனாங்க. அளவு இன்னான்னு கேட்டேன். தெக்கிறவளுக்குத் தெரியும்னு சொல்லிட்டுப் போறாங்க. ஒங்க குடும்பத்துல யாருக்குமே அளவு சொல்ற வழக்கம் கெடையாதா?”

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஒருமுறை பேசிப் பார்த்ததே போதும். இந்த முறை பேசாமல் செய்யப் போகிறேன்.

ஞாயிறன்று கோடு போட்ட ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வேன். பெரியம்மா உட்காரும் பாய்க்கும் அம்மா உட்காரும் பாய்க்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. யாரும் அங்கே உட்காருவதில்லை. அங்கே உட்காருவேன். திருவிருந்துக்கு அழைத்ததும் முதல் ஆளாக எழுந்து நடப்பேன்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். பின்னால் கோரைப்பாய் சரசரக்கும் சத்தம் ஒன்று வருகிறதா, இரண்டு வருகிறதா, வராமலே போகிறதா என்று காதை மட்டும் தீட்டி வைத்துக்கொள்வேன்.

அம்மா அடுத்த அறையில் அந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் இரண்டு பாக்கி.